ரெண்டு நாள் தெரபிஸ்ட்டுக்கு ஒரு திண்ணைப் பாடம்

வாய்யா பேராண்டி, வா. போர்டைப் பாத்தேன். தேரடி முக்குல பஸ்சை விட்டு எறங்குதவன் எவனும் அதைப் பாக்காமப் போக முடியாது, அம்புட்டுப் பெருசு. ரெய்கி, ரிஃப்ளெக்ஸாலஜி, அரோமா தெரபி, மலர் மருந்து, அக்குபங்சர், வர்மம், தொக்கணம்னு வாசிச்சிட்டே வந்தேன். கடைசி ரெண்டு வரி கரண்டு கம்பத்துக்குப் பின்னால போயிட்டு, அதனால மிச்ச வித்தை எனக்குத் தெரியாது. நடுவுல நீ கோட்டு போட்டு, கையைக் கட்டிட்டு நிக்க. கல்யாணத்துக்கே கோட்டு போட மாட்டேன்னு அடம்புடிச்ச பய நீ. சந்தோசம்யா. கம்ப்யூட்டர் வேலைய விட்டுட்டு நாலு பேரு வலியத் தீக்கணும்னு வந்திருக்க பாரு, அந்த மனசை நான் கேலி பண்ணல. மிச்சத்தைத்தான் பண்ணப்போறேன்.

உங்கம்மா சொன்னா. சென்னையில பெரிய ஓட்டல்ல சனி ஞாயிறு ரெண்டு நாள் கோர்ஸாம். மத்தியானம் பிரியாணியாம், சாயங்காலம் சர்ட்டிபிகேட்டாம். அங்க குடுத்த தடிப் புஸ்தகத்தை நம்ம திண்ணையில போட்டுட்டுப் போனியே, நெனவிருக்கா? மேல சுத்துன கண்ணாடித்தாளைக்கூட நீ பிரிக்கல. கரையான் ஏறிரக்கூடாதேன்னு நான் பிரிச்சேன். பிரிச்ச கையோட படிச்சும் போட்டேன். புரியாத எடத்துக்கு நூலகத்துக்கு நடந்தேன். இப்ப நம்ம ரெண்டு பேர்ல யாரு படம் போர்டுல இருக்கணும்னு நீயே சொல்லு.

ரெய்கிய எடுத்துக்கோ. அதை உண்டாக்குனவரு மிக்காவோ உசுயின்னு ஒரு ஜப்பான்காரரு. 1922-ல குராமாங்கிற மலையில ஏறி 21 நாள் பட்டினி கெடந்து தியானம் பண்ணுனாரு, அப்புறந்தான் கைக்குச் சக்தி வந்துதுன்னு அந்த வழிக்காரங்க சொல்லுதாவ. அவருக்கு 21 நாள் பட்டினி, ஒனக்கு ரெண்டு நாள் பிரியாணி. சக்தி ஒனக்கு வெரசா வந்துட்டுன்னா அது சோத்து மகிமையாத்தான் இருக்கணும்.

அதே 1922 சனவரியில, கனடாவுல டொரண்டோ ஆசுபத்திரியில, லெனார்ட் தாம்சன்னு 14 வயசுப் பயலுக்கு மொத மொதல்ல இன்சுலின் ஊசி போட்டாவ. சர்க்கரை வந்து எலும்பும் தோலுமாச் சாகக் கெடந்த பய. மொத ஊசி பலிக்கல. விட்டுட்டுப் போகல அவங்க, மருந்தை இன்னும் சுத்தம் பண்ணி 12 நாள் கழிச்சு மறுபடி போட்டாவ. பய எந்திரிச்சுட்டான். அதுக்கப்புறம் 13 வருசம் உசுரோட இருந்தான். ரெண்டும் ஒரே வருசத்துச் சங்கதி, கேட்டியா. ஒண்ணு மனசுக்கு எதமா இருக்கும், யாரும் வேண்டாம்னு சொல்லல. இன்னொண்ணு இல்லேன்னா அந்தப் பய போய்ச் சேந்திருப்பான். ரெண்டையும் கூடக் கூட வச்சுக்கத் தெரிஞ்சவன்கிட்ட என் வீட்டுப் புள்ளைய அனுப்புவேன். ‘இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு என்கிட்ட வாங்க’ன்னு சொல்லுதவன்கிட்ட நாயைக்கூட அனுப்ப மாட்டேன்.

அடுத்தது பாதம். அமெரிக்காவுல வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரு, உடம்பைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பத்து பட்டையாப் பிரிச்சு 1917-ல புஸ்தகம் போட்டாரு. அப்புறம் யூனிஸ் இங்காம்னு ஒரு அம்மா 1930-கள்ல அதைப் பாதத்துக்கு எறக்குனாவ. மூக்குல ஆரம்பிச்ச வைத்தியம் கால்ல வந்து நின்னுட்டு. அந்தம்மா வயசான காலம் வரைக்கும் ஊர் ஊராப் போயி, வந்தவங்க காலையெல்லாம் புடிச்சுப் பாத்து, எழுதி, சொல்லிக் குடுத்துட்டே இருந்தாவ. இந்த எடத்தை அழுத்துனா கல்லீரல், அந்த எடத்தை அழுத்துனா மண்ணீரல்னு சொல்லுத அந்தப் படம் ஆராய்ச்சியில நிக்கல. ஆனா கால் புடிச்சுவிட்டா அலுப்பு தீரும், ஒறக்கம் வரும். அதுக்கு அமெரிக்கா வேண்டாம், உங்க ஆச்சியக் கேட்டாலே சொல்லுவா. ஒன் செவத்துல மாட்டியிருக்க படத்துல கலர் கலரா ஈரல் குடல் எல்லாம் இருக்கு, எலும்பு ஒண்ணைக் காணோம். ஒரு பாதத்துல 26 எலும்புடே. எதை அமுக்குதோம்னு தெரியாமலா கட்டை விரலை ஊனுத?

மலர் மருந்தை ஒரு வாயில சொல்லி முடிச்சிருதேன். எட்வர்டு பாக்குங்கிற லண்டன் டாக்டரு 38 மருந்து சொன்னாரு. வாங்குதவனுக்குக் கெடுதல் இல்ல, பர்சுக்கு மட்டுந்தான்.

அரோமாவுக்கு அந்தச் சலுகை கெடையாது. கட்ஃபோசேன்னு பிரான்சு தேசத்து ரசாயனக்காரரு 1937-ல அந்தப் பேருலயே புஸ்தகம் எழுதுனாரு. ரசாயனக்காரரு எழுதுனதுய்யா, விளையாட்டு இல்ல. அந்தச் சின்னக் குப்பியில இருக்கது செடியோட வாசனை மட்டும்னு நெனைக்காத, அது அத்தனையும் காரம். நல்லெண்ணெயிலயோ தேங்காயெண்ணெயிலயோ கலக்காம தோல்ல தேச்சா கொப்புளம் போடும். கைப்புள்ளைக்குச் சளின்னு கற்பூரத்தையும் யூகலிப்டஸ் தைலத்தையும் நம்ம பொம்பளையாளுங்க மூக்குகிட்ட தடவுதாவ பாத்தியா, அது புள்ள வாய்க்குள்ள போச்சுன்னா வலிப்பே வந்துரும். இந்த ஒரு சங்கதிய நீ நம்ம தெருவுல வீடு வீடாப் போயிச் சொன்னேன்னு வையி, காசு வாங்காமலே நீ பெரிய வைத்தியன்.

ஆனா ஒனக்குப் பேரு வேணும். புரியுது. வெரசாப் பேரு வாங்க ஒரு வழி சொல்லுதேன், காதைக் குடு. எவன் என்ன வலின்னு வந்தாலும் ‘வாயு’ன்னு சொல்லு. மறுத்துப் பேச இந்தத் தாமிரபரணிக் கரையில ஒருத்தன் பொறக்கல. அப்புறம், ‘அஞ்சு தடவை வரணும், உப்பைக் குறைக்கணும், ராத்திரி தயிர் கூடாது’ன்னு சொல்லு. கொணமாயிட்டுன்னா ஒன் கைராசி. ஆகலேன்னா அவன் தயிர் தின்னுட்டான். முதுகுவலியப் பாதிக்கு மேல ஒண்ணுமே செய்யாம விட்டாலும் சில வாரத்துல அதாத் தணிஞ்சிரும். அந்தச் சில வாரமும் அவன் ஒன்கிட்ட வந்துட்டு இருந்தான்னா புண்ணியம் ஒனக்கு, காசும் ஒனக்கு. இப்படித்தான் ஊருல பாதிப் பேரு கைராசிக்காரன் ஆயிருக்கான். நீயும் ஆயிரலாம்.

அது வேண்டாம், நெசமாவே தொழில் தெரியணும்னு நெனைச்சேன்னா அதுக்குச் செலவு கம்மி. நாப்பது ரூவாய்க்கு ஒரு நோட்டு வாங்கு. வந்தவங்க என்ன சொன்னாவ, எங்க தொட்டே, என்ன ஆச்சுன்னு எழுது. முக்கியமா, ரெண்டாவது தடவை வராமப் போனவங்க பேரை ஒரு பக்கத்துல தனியா எழுது. அவங்க கொணமாகி வராம இருக்காவளா, கொணமாகாம வேற ஆளைத் தேடிப் போயிட்டாவளான்னு சைக்கிளை எடுத்துட்டுப் போயிக் கேளு. போர்டு போட்ட எந்த ஆளும் இந்தக் காரியத்தைச் செய்ய மாட்டான். ஏன்னா பதில் கசக்கும். நம்ம கைராசிப் பயலுவ முப்பது வருசம் தொழில் பண்ணியும் மொத வருசத்துல நின்ன எடத்துலயே நிக்கதுக்குக் காரணம் இதுதான், போனவனை அவங்க கேக்கவே இல்ல.

சரி, வர்மத்துக்கு வா. போர்டுல அந்த வரியப் பாத்ததும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் அடைச்சுது. தெக்கத்தி மண்ணுல, கன்னியாகுமரிப் பக்கம் அது ஆசான்மாரு வித்தை. 108 வர்மம், அதுல படுவர்மம் 12, தொடுவர்மம் 96. பன்னெண்டு வருசம் ஆசான் வீட்டுல கெடந்தாத்தான் சொல்லிக் குடுப்பாவன்னு பேச்சு. பன்னெண்டு வருசத்துல பாதிக்காலம் எண்ணெய் காய்ச்சவும், மூலிகை பறிக்கவும், ஆசான் யாரைத் தொடுதாரு, யாரைத் தொடாம அனுப்புதாருன்னு மூலையில நின்னு பாக்கவுந்தான். கோவக்காரனுக்குச் சொல்லிக் குடுக்கக்கூடாதுன்னும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தக் கணக்குல ஒனக்கு இன்னும் சேக்கையே கெடைக்காது. போன பொங்கலுக்குக் கபடியில நீ அம்பயரை என்ன பாடு படுத்துனேன்னு ஊரே பாத்துது.

ஒண்ணு கேக்கேன். வர்மப் புள்ளிய விரலளவு வச்சுத்தான் கண்டுபுடிக்கணும். யாரு விரல்? ஒன் விரல் இல்லடே, வந்து படுத்திருக்கான் பாரு, அவன் விரல். ஆளுக்கு ஆள் உடம்பு நீளம் மாறும், அளவுகோலும் அவன்கிட்டயே இருக்கு. சீனாக்காரன் அக்குபங்சருக்கும் அப்படித்தான், நோயாளியோட கட்டைவிரல் அகலந்தான் கணக்கு. ரெண்டு தேசத்துக்காரனும் எதுல வந்து நிக்கான் பாரு. சித்த மருத்துவத்துல தொக்கணம் மட்டுமே ஒம்பது வகை சொல்லியிருக்கு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல்னு போகும். ஒனக்குத் தெரிஞ்சது அழுத்தல் ஒண்ணு. அதையும் மேளக்காரன் மாதிரி அழுத்துதன்னு எதுத்த வீட்டு அண்ணாச்சி மூணு நாளா ஒருக்களிச்சே படுக்காரு.

இப்பச் சொல்லுதது கேலி இல்ல, கவனமாக் கேளு. கையை எங்க வைக்கணும்னு நாப்பது பேரு சொல்லிக் குடுப்பான். எங்க வைக்கக்கூடாதுன்னு அந்தத் தடிப் புஸ்தகத்துல கடைசியில ரெண்டே பக்கந்தான் இருந்துது. நான் அந்த ரெண்டு பக்கத்தைத்தான் நாலு தடவை படிச்சேன்.

பெங்களூருக்குப் பஸ்சுல உக்காந்தே போயிட்டு வந்தவன், ஆபரேசன் முடிஞ்சு கெடந்தவன், பேறுகாலம் முடிஞ்ச பொண்ணு, இவங்கள்ல யாருக்காவது ஒத்தைக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா, வலியோட இருந்துதுன்னா கையை வைக்காத. உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். நீ உருவிவிட்டா அந்தக் கட்டி நகந்து நுரையீரலுக்குப் போயி அடைச்சிரும், ஆளு ஒன் பாயிலயே போயிருவான். இடுப்புவலின்னு வாரவன், ‘ஒண்ணுக்குப் போறது தெரியல, தொடை இடுக்குல மரத்துப்போயிருக்கு’ன்னு சொன்னான்னா, எண்ணெய்க் குப்பியை மூடிட்டு ஆட்டோவைக் கூப்புடு. அன்னைக்கே ஆபரேசன் பண்ண வேண்டியதா இருக்கும், ஒருநாள் தள்ளுனா கால் திரும்ப வராமலே போயிரலாம். எடது தோள்பட்டையும் தாடையும் வலிக்கு, வேர்க்கின்னு ஒருத்தன் வந்தா அவன்கிட்ட வாயுன்னு சொன்ன அந்த நிமிசமே நீ கொலைகாரன்.

சர்க்கரைக்காரன் பாதம் இருக்கே, அது தனிச் சங்கதி. நெறைய பேருக்கு அங்க உணர்ச்சியே இருக்காது. நீ நொச்சி போட்டு ஒத்தடம் குடுப்ப. ‘சூடு போதுமாய்யா’ன்னு கேப்ப. ‘இன்னும் கொஞ்சம் வையிங்க’ம்பான். தோல் வெந்து உரியும், அப்பவும் அவனுக்குத் தெரியாது. ஆறாத புண்ணாகி விரலை எடுத்துட்டு வருவான். அதனால சூட்டை ஒன் முழங்கையில வச்சுப் பாரு, அவன்கிட்டக் கேக்காத. வயசான ஆச்சிமாரு எலும்பு உளுத்துப்போயிருக்கும், இறுக்கிப் புடிச்சாலே விரிசல் விடும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதவனை உருவுனா மறுநாள் உடம்பெல்லாம் கருநீலம். சலூன்ல கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பான் பாத்தியா, ‘டக்’னு சத்தம் வந்தா ஒனக்கும் கைதட்டத் தோணும். கழுத்து எலும்புக்குள்ள மூளைக்குப் போற ரத்தக் குழாய் இருக்கு, அது கிழிஞ்சு பக்கவாதம் வந்த ஆளுங்க உண்டு. நீ கழுத்தைத் திருப்பாத. அவ்வளவுதான்.

புத்தூர்க் கட்டுன்னு ஆந்திராவுல இருக்க ஒரு ஊருப் பேரைத் தமிழ்நாடு முழுக்க எழுதி வச்சிருக்கான். எலும்பு முறிவுக்கு முட்டை வெள்ளையும் மூங்கில் சிம்பும் வச்சு நல்லாக் கட்டுதவங்க உண்டு. ஆனா கட்டை இறுக்கிட்டு, புள்ள விரல் நீலமாகுதது, மரத்துப்போறது தெரியாம வீட்டுக்கு அனுப்பிச்சான்னா அந்தக் கை சுருங்கியே போயிரும். கட்டத் தெரியுததுக்கு ஒரு வருசம் போதும். எப்ப அவுக்கணும்னு தெரியத்தான் ஆயுசு பூரா ஆகும்.

இதெல்லாம் எங்க படிக்கதுன்னு முழிக்காத. நம்ம ஊருல படிப்பு தெருவுல உக்காந்திருக்கு. பீடி சுத்துத பொம்பளையாளுங்களைப் பாரு. மடியில சொளவை வச்சுக்கிட்டு, கழுத்தைக் குனிஞ்சுக்கிட்டு காலையிலேர்ந்து எல சுத்துதாவ. கழுத்தும் கட்டை விரலும் இடுப்பும்தான் அவங்களுக்குப் போகும். அந்தப் பக்கம் பத்தமடையில கோரைப்பாய் நெய்யுதாவ, அவங்க வலி வேற மாதிரி. நீ கோட்டை அவுத்துட்டு ஒரு நாள் பூரா அவங்க பக்கத்துல சம்மணம் போட்டு உக்காரு. சாயங்காலம் ஒன் இடுப்பே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துரும். சொளவுக்கு அடியில ஒரு தலகாணி வச்சா, அரைமணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நடந்தா, பாதி வலி ஒன் எண்ணெய் இல்லாமலே போயிரும். வருமானம் கொறையும், என்ன செய்ய. சீசன் நேரத்துல குற்றாலத்துல எண்ணெய் தேச்சுவிடுதவங்ககிட்டப் போயி நில்லு. அவங்களுக்கு நாடி சாஸ்திரம் தெரியாது. ஆனா தோளைத் தொட்டதும் இவன் மூட்டை தூக்குதவனா, பேங்குல உக்காந்து தேயுதவனான்னு சொல்லிருவாவ. கை மேல ஏறாம தோள் இறுகிப்போயிருந்தா சர்க்கரை இருக்கான்னு கேக்கணும்னு யாராவது சொல்லிக் குடுத்தா அவங்களும் பெரிய ஆளுங்கதான்.

முறையாப் படிக்கணும்னா வழி பக்கத்துலயே கெடக்கு. பாளையங்கோட்டையில அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-லேர்ந்து நடக்கு. நீட் எழுதணும், அஞ்சரை வருசம் ஆகும், அதுல ஒரு வருசம் ஆசுபத்திரியில கெடக்கணும். சென்னை அரும்பாக்கத்துல யோகா, இயற்கை மருத்துவத்துக்கு அரசுக் கல்லூரி இருக்கு, அதுக்கும் அஞ்சரை வருசந்தான். தாம்பரத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-ல வந்துது. ஒனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு, அஞ்சரை வருசம் முடியாதுன்னா அதுவும் ஞாயம். அப்ப டாக்டர்ங்கிற எழுத்தைத் தொடாத. படிச்ச சித்த மருத்துவர்கிட்டயோ பிசியோதெரபிஸ்ட்கிட்டயோ போயி கூடமாட நில்லு. 2021 ஆகஸ்டுலேர்ந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’னு வீட்டுக்கே பிசியோதெரபி வருதுல்லா, அந்தப் புள்ளைங்க பின்னால ஒரு மாசம் நட. படுத்த படுக்கையாக் கெடக்கவங்களைப் பொரட்டிப் போட, கை காலை மடக்கி நீட்ட, புண் வராமப் பாத்துக்கிட ஊருக்கு ஆள் இல்ல. அந்த வேலைக்குப் போர்டும் வேண்டாம், போட்டியும் கெடையாது.

சட்டத்தையும் சொல்லிருதேன், போலீசு சொல்லுததை விட தாத்தா சொல்லுதது கௌரவம். 1954-ல ஒரு மத்திய சட்டம் போட்டிருக்காவ, மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம். அதுல 54 நோய் எழுதியிருக்கு, இதையெல்லாம் குணப்படுத்துதேன்னு மருந்துக்கோ மந்திரத்துக்கோ விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு. சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம் எல்லாம் அதுல உண்டு. ஆளை உயரமாக்குதேன்னுகூடச் சொல்லப்படாது. மொதத் தடவை மாட்டுனா ஆறு மாசம் வரைக்கும் உள்ள. ஒன் போர்டுல ஒரு வரி ‘சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு’. அப்புறம், ஒரு ஓமியோபதி டாக்டரு தனக்குத் தெரியாத அலோபதி மருந்தைக் குடுத்து நோயாளி செத்துப்போன வழக்குல, 1996-ல சுப்ரீம் கோர்ட்டு, தெரியாத வைத்தியத்துல கை வைக்கதே கவனக்குறைவுதான்னு சொல்லிட்டு. பட்டம் வாங்குனவருக்கே அந்தக் கதி. ஒனக்கு ரெண்டு நாள் பிரியாணி.

பொம்பளையாளு வந்தா கூட ஒரு ஆளை இருக்கச் சொல்லு. எங்க தொடப்போறேன்னு வாயால கேட்டுட்டுத் தொடு. நகத்தை வெட்டு. பாயில படுத்தவங்க வலியோட சேத்து வீட்டுச் சண்டையையும் சொல்லுவாவ, அது டீக்கடைக்கு வந்துச்சோ ஒன் கடை அன்னைக்கே சாத்துனாப்புல.

இவ்வளவும் கேட்டுட்டு மொகத்தைத் தொங்கப் போடாத. புஸ்தகத்தை எடுத்துட்டுப் போ, எனக்கு அதுல வேலை முடிஞ்சுது. நாளைக்கே ஏணிய எடுத்து அந்தச் சர்க்கரை வரிய அழி. வர்மம்ங்கிற வரியையும் அழி, பன்னெண்டு வருசம் கழிச்சு எழுதிக்கலாம். நோட்டு ஒண்ணு வாங்கி பத்து பேரு விவரம் எழுதிட்டு வந்து காட்டு. அதுல வராமப் போனவங்க பக்கம் காலியா இருந்துதுன்னா என் முழங்காலைத் தொட ஒன்னை விட மாட்டேன், நொண்டிட்டே கெடந்தாலும் சரி.